கேமராவுக்கு என்ன தெரியும்? மாணவர் திரில்லர்களின் முதல் இரண்டு நிமிடம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கல்லூரி மாணவர்கள் எடுத்து யூடியூபில் ஏற்றும் திரில்லர் குறும்படங்களைத் தேடிப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். தெரிந்த தெரு, தெரிந்த மலை, தெரிந்த டீக்கடை எல்லாம் திரையில் வரும்போது ஒரு சந்தோஷம் இருக்கத்தானே செய்யும். தொடர்ந்து பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. கதை வேறு வேறாக இருந்தாலும் தொடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்.

கறுப்புத் திரை. இதயம் துடிக்கும் சத்தம். மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு டிரோன் ஷாட். ஈரமான சாலையில் நடக்கும் இரண்டு கால்கள், குளோசப்பில். ஹூடி போட்ட ஓர் உருவம், முதுகுப்பக்கம் மட்டும். தனியாகப் போகும் ஒரு பெண், அவளைப் பின்தொடரும் நடுங்கும் கேமரா. அவள் திரும்பிப் பார்க்கிறாள். ஓர் அலறல். கறுப்புத் திரை. ரத்தச் சிவப்பில் படத்தின் பெயர்.

இந்தப் படங்களின் தொழில்நுட்பம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஜிம்பல் ஆடாமல் இருக்கிறது. கலர் கிரேடிங் செய்திருக்காங்க. சில படங்களில் எடிட்டிங் சினிமாவுக்கு இணையாகவே இருக்கு. ஆனால் இரண்டு நிமிடம் முடிந்ததும் ‘இப்போது எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறேன்’ என்று என்னையே கேட்டுப் பார்த்தால் பதில் வருவதில்லை. ஏதோ ஆபத்து, யாரோ கொலைகாரன், அவ்வளவுதான். அந்த அளவு விவரம் போஸ்டரிலேயே இருக்கிறதே.

இந்தத் தொடக்கங்களில் கேமரா உத்திகள் அலங்காரமாக இருக்கின்றன, முடிவுகளாக இல்லை என்பதுதான் என் வாதம். திரில்லரில் கேமராவை எங்கே வைக்கிறோம் என்பது அழகு சம்பந்தப்பட்ட கேள்வி கிடையாது. யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதை அங்கேதான் தீர்மானிக்கிறோம். எங்கள் மென்பொருள் தொழிலில் இதை ‘ரீட் பெர்மிஷன்’ என்போம். ஒரு கோப்பை யார் திறந்து படிக்கலாம், யார் படிக்கக்கூடாது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் மற்ற வேலை. திரில்லருக்கும் அதே விதிதான்.

இரண்டு நிமிடத் தேர்வு

‘திரில்லர் தொடக்கம்’ என்பது உலகம் முழுக்க மாணவர்களுக்குப் பிடித்த பயிற்சி. பிரிட்டனில் ஏ-லெவல் மீடியா ஸ்டடீஸ் படித்தவர்களுக்கு ஒரு புதுப் படத்தின் டைட்டிலோடு கூடிய தொடக்கத்தை இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டுவது பல ஆண்டுகள் செய்முறைப் பாடமாகவே இருந்தது. முழுப் படம் வேண்டாம், தொடக்கம் போதும். அதில் பெரும்பான்மையினர் தேர்ந்தெடுப்பது திரில்லர் அல்லது திகில். காரணம் எளிது. செலவு குறைவு, நடிகர் ஒருவரோ இருவரோ போதும், இருட்டு இலவசம்.

நம்ம ஊரில் இப்படிப் பாடத்திட்டம் இல்லாவிட்டாலும் வேறொரு பள்ளிக்கூடம் இருந்தது. கலைஞர் தொலைக்காட்சியில் 2009இல் தொடங்கிய ‘நாளைய இயக்குனர்’. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் அந்த வழியாக வந்தவர்கள். மதுரையில் பொறியியல் படித்து மென்பொருள் வேலை பார்த்த கார்த்திக் சுப்புராஜின் முதல் படமே ஒரு திரில்லர்தான், 2012இல் வந்த ‘பீட்சா’. அதற்குப் பிறகு குறும்படம் என்பது பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து விசிட்டிங் கார்டு என்ற நிலைக்கு வந்துவிட்டது. விசிட்டிங் கார்டில் முதல் வரிதான் முக்கியம் என்பதால் எல்லோரும் தொடக்கத்தில் கைவசம் உள்ள எல்லா உத்திகளையும் இறக்குகிறார்கள். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூன்று நிலைகள்

எந்தத் திரில்லர் தொடக்கத்தையும் மூன்று நிலைகளில் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். பார்வையாளருக்குப் பாத்திரத்தைவிடக் குறைவாகத் தெரியும், அல்லது சமமாகத் தெரியும், அல்லது அதிகமாகத் தெரியும். மூன்றும் மூன்று வகையான பதற்றம். மூன்றுக்கும் கேமரா வேறு வேறு இடத்தில் நிற்க வேண்டும்.

குறைவாகத் தெரிவதற்கு நம்மிடம் ஓர் அற்புதமான உதாரணம் இருக்கிறது. 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. பாட்டே இல்லாத படம் என்று எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய துணிச்சல் அதன் தொடக்கம். 1943 அக்டோபர் 11, சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய சமயம். ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். நடித்தவர் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’ வந்து இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகாத நேரத்தில், அந்த சிவாஜியை முதல் காட்சியிலேயே சாகடித்துவிட்டார்கள். சுட்டது யார் என்பதை மட்டும் கேமரா காட்டவில்லை. கேமராவுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், காதலி என ஒவ்வொருவரும் சொல்லும் கதையில் அந்த ஒரு விடுபட்ட ஷாட்டைத்தான் நாம் தேடிக்கொண்டே இருக்கிறோம். அந்த நாட்களில் டிரோனும் ஜிம்பலும் கிடையாது. ஒரு கோணத்தைக் காட்டாமல் விட்டார்கள், அதுவே முழுப் படத்தையும் இழுத்துப்போகிறது.

சமமாகத் தெரிவதற்கு மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013). நள்ளிரவு சென்னை. பைக்கில் வரும் மருத்துவ மாணவன், சாலையில் குண்டடிபட்டுக் கிடப்பவனைப் பார்க்கிறான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க, இவன் தூக்கிக்கொண்டு போகிறான். மருத்துவமனையில் சேர்க்க முடியாமல் கடைசியில் வீட்டிலேயே வைத்து அறுவை சிகிச்சை செய்கிறான். கிடந்தவன் யார், ஏன் சுட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கேமரா அந்த மாணவனைவிட ஓர் அடிகூட முன்னே போவதில்லை. அதனால் விடிந்ததும் வரும் பிரச்சினைகள் எல்லாம் அவனுக்கு எப்படி அதிர்ச்சியோ நமக்கும் அப்படியே.

அதிகமாகத் தெரிவதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958). காரில் வெடிகுண்டு வைப்பதை நாம் பார்த்துவிடுகிறோம். பிறகு மூன்று நிமிடத்துக்கும் மேல் வெட்டே இல்லாத கிரேன் ஷாட். கார் ஊருக்குள் ஊர்ந்து போகிறது, பக்கத்தில் கதாநாயகனும் மனைவியும் சிரித்துப் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நீளமான ஷாட் என்பதால் அதைப் பாராட்டுகிறோம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் குண்டு வைப்பதைக் காட்டாமல் அதே ஷாட்டை எடுத்திருந்தால் அது வெறும் தெருக்காட்சி. நமக்குத் தெரிந்த அந்த ஒரு விஷயம்தான் ஒவ்வொரு விநாடியையும் பதற வைக்கிறது. வெட்டு இல்லாததால் கடிகாரமும் நிற்காமல் ஓடுகிறது. உத்தி இங்கே காரணத்தோடு வந்திருக்கிறது.

பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) இந்த மூன்றாவது வகையை நம் மண்ணில் நன்றாகச் செய்தது. கமல் எப்படிப்பட்டவன் என்று நமக்குத் தெரியும். ஸ்ரீதேவிக்குத் தெரியாது. அவன் அவளைப் பார்த்துச் சிரித்தாலே நமக்கு வயிற்றைக் கலக்கும்.

இப்போது மறுபடி அந்த மாணவர் தொடக்கத்துக்கு வருவோம். ஹூடி உருவம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. இது ‘குறைவு’ வகை. பெண்ணைப் பின்தொடர்வதை நாம் பார்க்கிறோம், அவளுக்குத் தெரியாது. இது ‘அதிகம்’ வகை. அவள் முகத்தில் பயம் வந்து ஓடுகிறாள், இப்போது ‘சமம்’. இரண்டு நிமிடத்தில் மூன்று நிலையும் மாறி மாறி வருகிறது, எதுவும் நிற்பதில்லை. பார்வையாளருக்கு எங்கே நின்று பார்ப்பது என்று ஒரு இடம் கிடைப்பதில்லை. பயம் வராததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

உத்திகளை ஒவ்வொன்றாக

*சாய்ந்த கோணம்.* டச் ஆங்கிள் என்று எல்லோருக்கும் பெயர் தெரியும். ஏதோ சரியில்லை என்று உணர்த்த ஃபிரேமைச் சாய்ப்பது. அது வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கு முன் நேரான ஃபிரேம்கள் வந்து கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். முதல் ஷாட்டிலிருந்தே எல்லாம் சாய்ந்திருந்தால், அதுதான் இந்தப் படத்தின் தரைமட்டம் என்று கண் ஏற்றுக்கொள்ளும். அவ்வளவுதான், விளைவு போச்சு.

*லோ ஆங்கிள்.* கீழிருந்து பார்த்தால் எதுவும் பெரிதாக, அதிகாரமாகத் தெரியும் என்பது பாடப்புத்தக விதி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை அப்படி எடுத்து, பின்னணியில் இருண்ட இசை போட்டு, மர்மம் என்கிறார்கள். ஆனால் 11 நிலைக் கோபுரத்தை அந்த ஊர்க்காரர்கள் பிறந்ததிலிருந்து கீழிருந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது ‘வீடு வந்துவிட்டது’ என்பதன் அடையாளம். தூரத்தில் பஸ்ஸில் வரும்போதே தெரியும் நிம்மதி. விதி எல்லா ஊருக்கும் ஒன்றாகப் பொருந்தாது. உண்மையில் அந்தக் கோபுரத்தைப் பயமாக்க வேண்டுமென்றால், எப்போதும் தெரிய வேண்டிய இடத்திலிருந்து அது தெரியாமல் போக வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு போகப்பட்டவன் கட்டை அவிழ்த்ததும் முதலில் கோபுரத்தைத் தேடுவான். ஃபிரேமில் அது இல்லை. அந்த இல்லாமைதான் பயம்.

*ஹூடி.* ஆங்கிலப் படங்களிலிருந்து நேராக இறங்கிய உடை. குளிர் நாட்டில் முகத்தை மறைக்க அது இயல்பான வழி. மார்ச் மாத ராஜபாளையத்தில் ஹூடி போட்டவன் மர்மமானவன் கிடையாது, காய்ச்சல் வந்தவன். ஆனால் இதே பகுதியில் ஊரே முகம் மறைத்து நடக்கும் ஒரு மாதம் இருக்கிறது. மார்கழி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஊர். விடிவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் திருப்பாவை, பனி, தெருவெல்லாம் கோலம், மங்கி குல்லாவும் மப்ளரும் சால்வையுமாக ஆட்கள். யார் யாரென்று தெரியாது. அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் கோலத்தை மிதித்துக்கொண்டு நேராக நடக்கிறான் என்று ஒரு ஷாட் வைத்தால் போதும். அந்த ஊரில் வளர்ந்த எவருக்கும் சுருக்கென்று இருக்கும். மார்கழிக் கோலத்தைத் தெரியாமல்கூட யாரும் மிதிக்க மாட்டார்கள்.

*கத்தரிக்கப்பட்ட புகைப்படங்கள், சிவப்பு நூல், கிறுக்கல் கையெழுத்து.* இது 1995இல் வந்த ‘செவன்’ படத்துக்கு கைல் கூப்பர் செய்த டைட்டில் காட்சியின் பேரன். அந்தப் படத்தில் அது கொலைகாரனின் நோட்டுப் புத்தகங்கள் தயாராவதைக் காட்டியது. அந்த நோட்டுகள் பின்னால் கதையில் துப்பறிவாளர்கள் கையில் கிடைக்கும். அதாவது டைட்டிலே ஒரு தடயம். நம் படங்களில் சுவரில் ஒட்டிய படங்களும் நூலும் வருகின்றன. ஒட்டியது யார், எதற்கு என்று கடைசிவரை யாரும் கேட்பதில்லை.

யாருடைய கண்

இனி வருவது கொஞ்சம் தீவிரமான விஷயம். பெண்ணைப் பின்தொடரும் அந்த நடுங்கும் ஷாட். அது பாயின்ட் ஆஃப் வியூ, அதாவது துரத்துபவனின் கண். அந்த ஷாட் வரும்போது பார்வையாளரான நாம் அவனுக்குள் உட்கார்ந்திருக்கிறோம்.

ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) தொடக்கம் முழுக்க இந்தக் கண்தான். வீட்டுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, உள்ளே போய், சமையலறையில் கத்தியை எடுத்து, முகமூடி மாட்டி, கொலை செய்து வெளியே வருவது வரை நாம் அந்தக் கண்ணாகவே இருக்கிறோம். வெளியே வந்ததும் முகமூடி கழற்றப்படுகிறது. வெளியிலிருந்து எடுத்த ஷாட்டில், கையில் கத்தியோடு நிற்பது ஆறு வயதுப் பையன். இவ்வளவு நேரம் யாருடைய கண்ணில் இருந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. பாயின்ட் ஆஃப் வியூ அங்கே ஒன்றை மறைத்தது, பிறகு அதற்குக் கணக்கும் கொடுத்தது.

மாணவர் படங்களில் இந்தக் கணக்குத் தீர்ப்பு வருவதே இல்லை. பெண் நடக்கிறாள், கேமரா பின்னால் போகிறது, அவள் கொலுசு குளோசப்பில், அவள் கழுத்து குளோசப்பில், அவள் அலறுகிறாள். பெயர்கூடச் சொல்லப்படாமல் அவள் கதையிலிருந்து போய்விடுகிறாள். அடுத்த காட்சியில் போலீஸ் ஜீப். ஒரு மனுஷி இரண்டு நிமிடம் திரையில் இருந்தாள், அவளைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவள் பயப்பட்டாள் என்பது மட்டும்தான்.

இதை வெறும் நாகரிகக் குறையாக நான் சொல்லவில்லை. இது உண்மைக்கும் பொருந்தாத சித்திரம். ராஜபாளையம் மில் ஊர். பஞ்சாலைகள் ஷிஃப்ட் முறையில் ஓடும் ஊர். இங்கே இரவு என்பது பேய்க்கும் கொலைகாரனுக்குமான நேரம் மட்டும் கிடையாது, வேலை நேரம். டிபன் பாக்ஸ் பையோடு வண்டிக்குக் காத்திருப்பவர்கள், ஷிஃப்ட் விட்டு வருபவர்கள், அவர்களுக்காகத் திறந்திருக்கும் டீக்கடை. இவற்றையெல்லாம் துடைத்துவிட்டு, ஆளில்லாத தெருவில் ஒரு பெண்ணை நடக்கவிட்டு, ‘இரவில் தனியாகப் போனால் இதுதான் நடக்கும்’ என்று படம் சொல்கிறது. ஆறு மணிக்கு மேல் ஷூட்டிங்குக்கு வீட்டில் அனுமதி கேட்டு நிற்கும் அதே கல்லூரியின் மாணவிக்கு இந்தப் படம் என்ன உதவி செய்கிறது? வேண்டாம் என்று சொல்லும் அப்பாவுக்கு இன்னொரு ஆதாரத்தைக் கொடுக்கிறது. அவள் படம் எடுக்க வரவில்லை என்றால், அடுத்த படமும் பின்தொடர்பவனின் கண்ணிலிருந்துதான் வரும்.

மாணவர்கள் எடுத்த ஒரு பெரிய படம்

மாணவர்களால் முடியாது என்பது என் பேச்சு இல்லை. தமிழில் திரில்லரின் போக்கையே மாற்றிய ஒரு படம் திரைப்படக் கல்லூரிக்காரர்கள் எடுத்ததுதான். 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த ‘ஊமை விழிகள்’. அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள் கூடிச் செய்தது. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, ஆர். அரவிந்தராஜ் இயக்க, ஏ. ரமேஷ்குமார் ஒளிப்பதிவு. சினிமாஸ்கோப்பில் எடுத்தார்கள். கல்லூரியிலிருந்து வந்தவர்களை நம்பிப் பணம் போடலாம் என்ற எண்ணம் கோடம்பாக்கத்தில் உறுதிப்பட்டது இந்தப் படத்துக்குப் பிறகுதான்.

இதிலும் இரவு, தனி இடம், காணாமல் போகும் பெண்கள் எல்லாம் இருக்கின்றன. நான் மேலே குறை சொன்ன பழக்கத்தின் தமிழ் மூலங்களில் இதுவும் ஒன்று என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர்கள் செய்த முக்கியமான வேலை வேறு. சோழா பிக்னிக் வில்லேஜ், அந்தக் கிழவி, அந்தக் குதிரை வண்டி. மூன்றே பொருட்கள். இவை தோன்றினால் என்ன நடக்கும் என்ற விதியைப் படம் நமக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. கற்றுக்கொண்ட பிறகு கிழவியின் முகம் வந்தாலே போதும், மீதியை நாமே பயந்துகொள்வோம். இன்றுவரை படம் பார்த்தவர்களைக் கேளுங்கள், கதை பாதி மறந்திருக்கும், கிழவி மறந்திருக்க மாட்டாள்.

இன்னொன்றையும் கவனிக்கணும். குதிரை வண்டி வெளிநாட்டுச் சரக்கு கிடையாது. ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்த, எல்லோரும் ஏறிப் போன வண்டி. தெரிந்த பொருளைத் தெரியாத நேரத்தில், தெரியாத இடத்தில் நிறுத்தினார்கள். அதோடு படம் கொலையில் நின்றுவிடவில்லை. ஜெய்சங்கர் நடத்தும் பத்திரிகை அலுவலகமும் விஜயகாந்தின் போலீஸ் விசாரணையும்தான் அதன் பெரும்பகுதி. காணாமல் போனவர்களைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஆட்கள் படத்துக்குள்ளேயே இருந்தார்கள்.

ஒரே சம்பவம், மூன்று இடத்தில் கேமரா

குறை சொல்வது சுலபம், அதனால் ஒரு பயிற்சியாகவே எழுதிப் பார்க்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு மில் வேன். இரவு ஷிஃப்ட் முடிந்து பெண்களை ஊர் ஊராக இறக்கிவிட்டுப் போகிறது. ஒரு நாள் ஒரு பெண் வந்து சேரவில்லை. அவ்வளவுதான் சம்பவம்.

சமமாகத் தெரியும் வகை: கேமரா நிறுத்தத்தில் காத்திருக்கும் அவள் அப்பாவோடு நிற்கிறது. லாங் ஷாட். வேன் வருகிறது, நாலு பேர் இறங்குகிறார்கள், சிரித்துப் பேசிக்கொண்டு கலைகிறார்கள். அவர் கதவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். கதவு சாத்தப்படுகிறது. வேன் போனதும் எதிர்ப்பக்கத் தெரு மட்டும் ஃபிரேமில். வெட்டக் கூடாது. அவர் இரண்டடி எடுத்து வைத்து நிற்கும்வரை காத்திருக்கணும்.

அதிகமாகத் தெரியும் வகை: கேமரா வேனுக்குள். கிளம்பும்போதே ஜன்னலோர இருக்கை காலி. அதில் அவள் பை மட்டும் இருக்கிறது. டிரைவர் கண்ணாடியில் அந்தப் பையைப் பார்க்கிறார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகுதான் நிறுத்தத்தில் நிற்கும் அப்பா முன்கண்ணாடி வழியாகச் சின்னதாகத் தெரிகிறார். நமக்கு விஷயம் தெரியும், அவர் இன்னும் கைகாட்டிக்கொண்டிருக்கிறார்.

குறைவாகத் தெரியும் வகை: விடிந்துவிட்டது. சாலையோரம் ஒரு டிபன் பாக்ஸ். பக்கத்துத் தோட்டத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய். 2005இல் தபால்தலையே வெளியிடப்பட்ட, காவலுக்குப் பேர்போன இனம். அது குரைக்கவில்லை. கானன் டாயில் 1892இலேயே ஷெர்லாக் ஹோம்ஸ் கதையொன்றில் பயன்படுத்திய தடயம் இது. நாய் குரைக்காவிட்டால் வந்தவன் தெரிந்தவன். காவல் நாய்க்குப் பேர்போன ஊரில் எடுக்கும் திரில்லரில் இந்தத் தடயம் எவ்வளவு இயல்பாக உட்காரும் என்று யோசித்துப் பாருங்க.

மூன்றிலும் பெண்ணைத் துரத்தவில்லை. மூன்றிலும் அவள் காணாமல் போனது ஒருவருக்கு இழப்பு. ஃபிரிட்ஸ் லாங் 1931இல் ‘எம்’ படத்தைத் தொடங்கியது இதே முறையில்தான். பள்ளியிலிருந்து வர வேண்டிய குழந்தைக்காக அம்மா சாப்பாடு எடுத்து வைத்துக் காத்திருக்கிறாள். காலி மாடிப்படி, காலித் தட்டு, புல்லில் உருண்டு வந்து நிற்கும் பந்து, கம்பியில் சிக்கிக்கொண்ட பலூன். கொலை காட்டப்படவே இல்லை. தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பந்தைப் பார்த்தால் மனசு கனக்கிறது. அந்தக் காட்சிக்குத் தேவையான பொருட்களை நம்ம ஊர்க் கடைத்தெருவில் நூறு ரூபாய்க்குள் வாங்கிவிடலாம்.

கையில் இருப்பவை

போனில் எடுப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விளக்குகள் விநாடிக்கு நூறு முறை மினுங்கும். 24 ஃபிரேமில் ஷட்டரை 1/48இல் வைத்தால் சில டியூப்லைட், எல்.இ.டி.க்கு அடியில் திரையில் பட்டை பட்டையாக ஓடும். 1/50இல் பூட்டுங்கள். எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் தானியங்கியில் விடவே கூடாது. பதற்றமான நேரத்தில் ஃபிரேம் தானாக வெளிச்சமாகி மங்கினால், பயம் போய் போன்தான் ஞாபகத்துக்கு வரும்.

இரவைப் பகலில் எடுத்து நீலம் பூச வேண்டிய அவசியம் இந்த ஊர்களில் இல்லை. மேற்கே மலைத்தொடர் இருப்பதால் சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும், வானம் மட்டும் வெளுப்பாக இருக்கும். நிழலே விழாத அந்த மங்கிய வெளிச்சம் சமவெளி ஊர்களைவிட இங்கே கூடுதல் நேரம் நிற்கும். திரில்லருக்கு அதைவிட நல்ல விளக்கு கிடைக்காது. சத்திரப்பட்டி பக்கம் போனால் பேண்டேஜ் துணி நெசவு. அந்த வெள்ளைத் துணிக்கு நடுவே பட்டப்பகலில் ஒரு காட்சியை யோசியுங்கள். காயத்துக்குக் கட்டும் துணி, ஆனால் காயம் எங்கேயும் தெரியவில்லை. இருட்டு தேவையே படாது.

ஒலியும் ஊரிலேயே இருக்கிறது. மில் சங்கு, ரயில்வே கேட் மணி, அதிகாலை ஒலிபெருக்கி. இதயத்துடிப்பை நெட்டிலிருந்து இறக்குவதற்குப் பதில் மில் சங்கைப் பதிவு செய்யலாம். அது ஊதும் நேரம் ஊருக்கே தெரியும். அந்த நேரத்தில் அது ஊதாமல் போனால்?

ஷூட்டிங்குக்கு முந்தைய நாள் ஒரு தாளில் ஒவ்வொரு ஷாட்டுக்கு எதிரிலும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்கள். இந்த ஷாட்டுக்குப் பிறகு பார்வையாளருக்குப் புதிதாக என்ன தெரியும்? திரையில் இருப்பவருக்கு அது தெரியுமா? இது யாருடைய கண், அந்தக் கண்ணில் நம்மை உட்கார வைத்ததற்குப் படம் பின்னால் பதில் சொல்கிறதா? பதில் எழுத முடியாத ஷாட்டை எடுக்காமல் விட்டுவிடலாம். பெரும்பாலும் அது அந்த டிரோன் ஷாட்டாகத்தான் இருக்கும், வாடகையும் மிச்சம்.